ஏழாவது இலக்கம்

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்வதைத்தான் பதியப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷத்தில் பிறந்தவள், அதனால் வானத்தோடு சம்பந்தப்பட்ட பெயராக இருந்தால் நன்றாக இருக்கும், அப்பாவுக்குத்தான் வானத்துக் கணக்கெல்லாம் தெரியுமே என்றும் எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அப்பா என்றால் உனக்கு முதலில் நினைவுக்கு வருவது பேய் ரயிலில் ஏற்ற நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன அந்தச் சனிக்கிழமைதானாம், உன் மகளுக்கும் அப்படி ஒரு நாளைக் கொடுக்க வேண்டுமாம். உன் அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து வெளியே போய் ஃபிளாட்டின் தாழ்வாரத்தில் நின்றேன். கீழே தோ பாயோவில் புதிதாக வந்த கடைகளுக்குப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் முந்தாநாள் வரை தெரியாது. சொன்னதிலிருந்து அவள் எனக்குச் சோறு போடுகிறாள், ஆனால் பக்கத்தில் நிற்பதில்லை. ஒரு கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி, இது நீளும். பெயர் கேட்டவனுக்கு இப்படி ஒரு கடிதமா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ கோபப்பட வேண்டிய ஆள்தான்.

தேக்காவில் டன்லப் ஸ்திரீட் கடைவீட்டு மாடியில் நாம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். முன் அறை நமக்கு, பின் அறை யூசுப் மாமாவுக்கு, நடுவில் பொதுவாக ஒரு அடுப்படி. உன் அம்மாவும் மைமூன் மாமியும் அம்மியை மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டு பேசுகிற பேச்சு கீழே அஞ்சடி நடைபாதை வரைக்கும் கேட்கும். யூசுப் நாகூர்க்காரன், என்னைவிட மூன்று வயது இளையவன், என்னை அண்ணே என்பான். அவன் மகள் உன்னைவிட மூன்று மாதம் பெரியவள், அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு உன்னை என்ன பாடு படுத்தினாள். அவள் பெயர் உனக்கு மறந்திருக்காது. இந்தக் கடிதத்தில் அதை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று முடிவில் சொல்கிறேன்.

நானும் யூசுபும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். ஒரு வெள்ளைக்கார நில அளவைக் கம்பெனி, அது இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். அளக்கிறவர்கள் வெயிலில் அளந்து எண்களைக் கொண்டுவருவார்கள். அதைக் கணக்குப் போட்டு, நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வது எங்கள் வேலை. அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான். எந்தக் கணக்கையும் இரண்டு பேர் போட வேண்டும். ஒருவன் நீல மையில், இன்னொருவன் கறுப்பு மையில். ஒருவன் தாளை இன்னொருவன் பார்க்கக் கூடாது, வாய் திறந்து கேட்கவும் கூடாது. முடிந்ததும் எங்கள் துரை இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுவார். யூசுப் எப்போதும் நீலம், நான் எப்போதும் கறுப்பு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது உனக்குப் புரியும். அப்போது ஏழு இலக்க லாக் புத்தகத்தை வைத்துத்தான் பெருக்கல் வகுத்தல் எல்லாம். நேர்மையாக இரண்டு பேர் ஒரே கணக்கைப் போட்டால் முதல் ஆறு இலக்கமும் ஒன்றாக வரும், ஏழாவது மட்டும் அங்கங்கே ஒன்று கூடும், ஒன்று குறையும். ஒருவன் கடைசி இலக்கத்தை மேலே தள்ளியிருப்பான், இன்னொருவன் அப்படியே விட்டிருப்பான். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்துத்தான், சரி, இரண்டு பேரும் தனித்தனியே உழைத்திருக்கிறார்கள் என்று துரை நம்புவார். ஏழும் அச்சு அசலாக இருந்தால் ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று பொருள். இப்போது நீ அங்கே பாலங்களுக்குக் கணக்குச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாய். ‘சரிபார்த்தது’ என்று போட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறாய். அந்தக் கையெழுத்து என்ன என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா? கணக்குப் போட்டவன் தப்பு செய்வான், அவன் மனுஷன், அவனுக்கு அதற்கு உரிமை உண்டு. அந்த உரிமை சரிபார்க்கிறவனுக்குக் கிடையாது.

துரைக்கு ஒரு தங்கை இருந்தாள். தென்கோடியில் ஒரு நாட்டில், வானத்தைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கிற ஆய்வகத்தில் வேலை. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு தகட்டை ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால், நட்சத்திரம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், நகர்கிற ஒன்று மட்டும் துள்ளும். அப்படித் துள்ளிய ஒரு புள்ளியை அவள் கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற ஆயிரக்கணக்கான சிறுகோள்களில் ஒன்று. கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது எந்தப் பாதையில் போகிறது, ஒன்றேகால் வருஷம் கழித்துப் பூமிக்குக் கிட்ட வரும்போது வானத்தில் எந்த மூலையில் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் அது நின்றால் பிறகு ஒரு எண் கிடைக்கும், எண் கிடைத்த பிறகுதான் பெயர். கண்டுபிடித்தவருக்குத்தான் பெயர் வைக்கிற உரிமை, பெரும்பாலும் பெண் பெயராக வைப்பது வழக்கம். சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் போச்சு, யாரோ வேறு ஒருவன் தற்செயலாக எடுத்தால்தான் உண்டு. அவளுடைய ஆய்வகத்தில் கணக்குப் போட ஆள் போதவில்லை. இவர்களை விடப் பொறுமையான இரண்டு பேரை நீ பார்த்திருக்க மாட்டாய் என்று துரை தங்கைக்கு எழுதிவிட்டு, ஏர்மெயிலில் வந்த எண்களை எங்கள் மேசையில் வைத்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்த பிறகு போட வேண்டிய கணக்கு, சம்பளம் கிடையாது. யூசுப் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தெருக்கோடி நிலத்துக்குக் கணக்குப் போட்டவனுக்கு வானத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்.

அந்தச் சிறுகோளுக்கு ஆபீசில் சுண்டைக்காய் என்று பெயர் வைத்தோம். வீட்டில் யூசுப் மகள் ஒரு கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி, அப்பன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு புள்ளி வைப்பாள். வாப்பா, சுண்டைக்காய் நகர்ந்துச்சா என்றுதான் அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள். உனக்கும் ஒரு பென்சில் கொடுத்தாள், ஆனால் புள்ளி வைக்க விடமாட்டாள், கோடு மட்டும்தான் நீ போடலாம். அதற்கு நீ அழுதாய்.

அந்தத் தாளில் ஒன்பது புள்ளிதான் இருந்தது. பத்தாவது கடிதம் வந்தபோது அவள் இல்லை. தொண்டை அடைப்பான். புதன்கிழமை தொண்டை வலிக்கிறது என்றாள், ஞாயிற்றுக்கிழமை பிடாடரி மையவாடியில் அடக்கம் செய்தோம். உன்னை அந்த நாட்களில் உன் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், ஒட்டிக்கொள்ளும் என்று பயம். திரும்பி வந்ததும் அவள் எங்கே என்று கேட்டாய், யாரும் உனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதுவும் என் தப்புதான், ஆனால் சின்னத் தப்பு.

துரை தங்கைக்கு எழுதியிருக்கிறார். அவளிடமிருந்து ஒரு பதில் வந்தது, துரை அதை யூசுபுக்கு மெதுவாகப் படித்துக் காட்டினார். இந்தச் சிறுகோளுக்கு எண் கிடைத்தால், அதற்குப் புள்ளி வைத்த குழந்தையின் பெயரையே வைக்கிறேன் என்று எழுதியிருந்தாள். யூசுப் அந்தக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். மைமூன் மாமி அதைக் கேட்டு முதல் தடவையாக எழுந்து முகம் கழுவினாள். பிறகு டன்லப் ஸ்திரீட் முழுக்கச் சொன்னாள். பள்ளிவாசல் பக்கத்தில் அத்தர் விற்பவர் வரைக்கும் அவள் சொல்லாத ஆள் இல்லை. என் புள்ளைக்கு வானத்துல ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க என்பாள். சிரித்தவர்களும் இருந்தார்கள், ஆனால் அவள் முகத்துக்கு நேராக யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக் கணக்கு வந்தது. பாதை கையில் இருக்கிறது, ஒன்றேகால் வருஷம் கழித்து அது நிற்கிற இடத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். துரைக்குப் புத்தி இருந்திருந்தால் யூசுபிடம் அதைக் கொடுத்திருக்கக் கூடாது. ஒரு மனுஷன் எந்த விடையை ஆசைப்படுகிறானோ அந்தக் கணக்கை அவன் போடக் கூடாது. ஆனால் யூசுப் கையை நீட்டினான், யாரால் மறுக்க முடியும்? அவன் இரண்டு சனிக்கிழமையில் முடித்து, நீலத் தாளைத் துரையின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை மூத்தவன் என்று என்னிடம் கொடுத்தான். எனக்குப் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை தபாலில் போயாக வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நீ என் காலைக் கட்டிக்கொண்டாய். அவள் போனதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை, சிரிக்கவில்லை, இரண்டு மாதமாக அப்படி. அன்றைக்கு நீயாகவே கேட்டாய், அப்பா, நியூ வேர்ல்டுக்குக் கூட்டிட்டுப் போறியா, பேய் ரயில்ல ஏறணும். சாயங்காலம் போகலாம் என்றால் வேலை முடியாது. இன்னொரு நாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆபீசில் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் போனார்கள். நான் இழுப்பறையைத் திறந்தேன்.

திறந்தேன், எடுத்தேன், எழுதினேன். முப்பத்தோராவது வரியிலிருந்து யூசுபின் நீல எண்களை என் கறுப்பு மையில் அப்படியே இறக்கினேன். அப்படியே இறக்கினால் துரை கண்டுபிடித்துவிடுவாரே, அதனால் ஏழாவது இலக்கத்தில் கை வைத்தேன். இங்கே ஒன்று கூட்டினேன், அங்கே ஒன்று குறைத்தேன், நேர்மையாக உழைத்தவன் தாள் எப்படி இருக்குமோ அப்படி அழகாக ஒரு தள்ளாட்டத்தை வரைந்து வைத்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று.  யூசுப் ஒரு தடவைகூடத் தப்புப் போட்டதில்லை, இவ்வளவு நாள் பார்க்கிறேனே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கு டிரிஷாவில் வந்து உன்னை ஏற்றிக்கொண்டேன். பேய் ரயிலில் மூன்று தடவை ஏறினாய். ஐஸ் கச்சாங் தின்று உன் உதடு சிவப்பாக இருந்தது. திரும்பி வரும்போது என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாய். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அதை மறைக்கப்போவதில்லை, நான் செய்த பாவத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பிறகு அதிகம் கசந்தது.

ஒன்றேகால் வருஷம் கழித்து துரைக்குத் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. சொன்ன இடத்தில் மூன்று தகடு எடுத்துப் பார்த்தாளாம். ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் தேட அவளுக்குத் தொலைநோக்கியில் நேரம் கொடுக்கவில்லை. துரை அலமாரியிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து, விரலை வைத்து வரிவரியாக மறுபடி போட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்து நாலாவது வரியில் நின்றார். லாக் கணக்கில் எதிர்மறை எண் வந்தால் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டு நினைவு வைத்துக்கொள்வோம். அந்த வரியில் அந்தக் குறி இல்லை. கழிக்க வேண்டியதைக் கூட்டியதால், கோள் வானத்தில் வேறெங்கோ போய் நின்றுவிட்டது. நீலத் தாளிலும் குறி இல்லை, கறுப்புத் தாளிலும் இல்லை.

துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ரெண்டு பேர் தனித்தனியாப் போட்ட கணக்கில் ஒரே இடத்தில் ஒரே தப்பு எப்படி வரும் என்று கேட்டார். சத்தம் போடவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.  அந்த நேரத்தில் உண்மை சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், நீ அப்போது பள்ளியில் மேல் வகுப்புக்குப் போக இருந்தாய், உன் அம்மா காசநோய் வந்து தேறிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் காரணம்தான், ஆனால் இவற்றை எல்லாம் யோசித்துவிட்டு நான் பொய் சொல்லவில்லை. பொய் தானாக வந்தது. அந்த வரியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து யூசுபிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாதுதான், குறி வேண்டாம் என்று அவன்தான் சொன்னான் என்றேன். சின்ன விதி ஒன்றை மீறினதாக ஒப்புக்கொண்டு பெரியதை அவன் தலையில் இறக்கினேன். எவ்வளவு சாமர்த்தியம் பார்.

யூசுப் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்படியா அண்ணே சொன்னேன்?”

“சொன்னே, தம்பி.”

நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “சொல்லியிருப்பேன். புள்ள போனதுலேருந்து நான் என்ன பேசுறேன்னு எனக்கே தெரியல” என்றான்.

அவன் நம்பிவிட்டான். அதுதான். என்மேல் சந்தேகப்பட அவனுக்குத் தெரியவில்லை, அதனால் தன்மேல் சந்தேகப்பட்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தன் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது. ஒரு எண்ணை எழுதிவிட்டு மூன்று தடவை புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பான், ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆயிற்று. துரை அவனை அனுப்பவில்லை, அவனாகவே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். ஆற்றோரத்தில் ஒரு கிட்டங்கியில், படகிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணுகிற வேலை. அந்தக் கம்பெனியில் தலைமைக் கணக்கர் என்று என்னைப் போட்டார்கள். உனக்கு அந்த வருஷம் புது சைக்கிள் வாங்கிக்கொடுத்தேன்.

மைமூன் மாமி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாளாம், ஊர்ல உள்ள நெலத்துக்கெல்லாம் சரியா கணக்குப் போட்டாரு, பெத்த புள்ளைக்கு ஒரே ஒரு கணக்கு, அதைப் போட முடியலையே என்று. அதற்குப் பிறகு அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பின் அறைச் சுவரில் இருந்த கட்டத் தாளைக் கிழித்தாள். அவர்கள் குவீன்ஸ்டவுனுக்கு மாறிப்போனபோது அந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. நீ என்னிடம் கேட்டாய், யூசுப் மாமா ஏன் நம்மகிட்ட சொல்லாமப் போயிட்டாரு என்று. வீடு பெரிசா வேணுமாம் என்று சொன்னேன். ஒற்றை அறை ஃபிளாட்டுக்குப் போனவனைப் பற்றி.

அந்தக் கோள் அடுத்த தடவை கிட்ட வந்தபோது வேறொரு நாட்டு ஆய்வகத்தில் ஒருவர் தற்செயலாக அதைப் பிடித்தார். அவர்களிடம் ஆளும் இருந்தது, நேரமும் இருந்தது. பழைய தகட்டையும் புதியதையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது, ஆனால் பாதையை முதலில் உறுதி செய்தவர் அவர் என்பதால் பெயர் வைக்கிற உரிமை அவருக்குப் போனது. எண் கிடைக்க மேலும் சில வருஷம் ஆயிற்று. தன் ஊரின் பெயரை வைத்தார். ஊருக்கு ஏற்கெனவே பூமியில் இடம் இருக்கிறது. துரையின் தங்கை இதையெல்லாம் எழுதி, அந்தத் தகப்பனிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். துரை கம்பெனியை மூடிவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறும்போது அந்தக் கடிதத்தையும் இரண்டு தாளையும் என்னிடம் கொடுத்து, யூசுபைப் பார்க்கும்போது கொடுத்துவிடு என்றார். யூசுபைப் பார்த்தேன். போன வருஷம் மைமூன் மாமியை மகளுக்குப் பக்கத்திலேயே பிடாடரியில் அடக்கம் செய்த அன்றைக்குப் பார்த்தேன். சட்டைப்பையில் கடிதம் இருந்தது. கொடுக்கவில்லை. மண் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போது வானத்துப் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்று நீ எழுதுகிறாய். உன் கடிதம் வந்த மறுநாள் குவீன்ஸ்டவுனுக்கு பஸ் ஏறினேன். காலை பத்து மணி இருக்கும். யூசுப் வாசலில் என்னைப் பார்த்து, வாங்க அண்ணே, பேத்தி பொறந்திருக்காமே, சந்தோஷம்லா என்று சொல்லிக் கையைப் பிடித்தான். ரொம்ப மெலிந்துவிட்டான். கோப்பி கலக்க எழுந்தான், நான் வேண்டாம் என்றேன், முதலில் நான் சொல்வதைக் கேள் என்றேன். சொன்னேன். உனக்கு இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாகத்தான் சொன்னேன், ஏனென்றால் அவனுக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு தாளையும் கடிதத்தையும் மேசையில் வைத்தேன்.

அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். கறுப்புத் தாளை மேலிருந்து படித்தான். லாக் புத்தகம் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கண்ணால். அரை மணி நேரம் இருக்கும், அவன் விரல் நகர்ந்துகொண்டே வந்து முப்பத்தோராவது வரியில் நின்றது.

“இதுலேருந்து என்னோடது.”

ஆமாம் என்றேன்.

“ஏழாவதுல கை வச்சிருக்கீங்க.”

ஆமாம் என்றேன். பிறகு விரலைக் கீழே இறக்கி நாற்பத்து நாலாவது வரியில் வைத்தான், அந்த இடத்தை இரண்டு தாளிலும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான். உன்னை நியூ வேர்ல்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது என்றேன். சொல்லும்போதே கூசிப்போனேன். அவன் என்னைப் பார்க்காமல் கேட்டான்:

“தம்பிக்கு அன்னைக்குச் சந்தோஷமா இருந்துச்சா?”

இருந்தது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? பொய் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. அவன் தலையை ஆட்டினான். நல்லது என்றான். அதை மனதாரச் சொன்னான், அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. நான் அழுதேன். அவன் அழவில்லை. மைமூன் படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, நீங்க போன நோன்புக்கு முன்னாடி, அவ இருக்கும்போதே வந்திருந்தா அவ என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டிருப்பா என்றான். அவ்வளவுதான் அவளைப் பற்றிச் சொன்னது.

நான் அப்போதாவது எழுந்து வந்திருக்க வேண்டும். முட்டாள், உட்கார்ந்திருந்தேன். என் பேத்திக்கு உன் மகள் பெயரை வைக்கட்டுமா, அந்தப் பெயர் எங்கள் வீட்டிலாவது இருக்கட்டும், பையனுக்கு எழுதிப் போடுகிறேன் என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதே யோசித்துவைத்திருந்தேன், எதையாவது திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஆகட்டும் என்று. யூசுப் இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து மடித்தான். கண்ணாடியைக் கழற்றினான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

“என் புள்ள பேரு இனிமே உங்க கையால எழுதப்படக் கூடாது. எங்கேயும்.”

அதனால்தான் இதில் அந்தப் பெயர் இல்லை. பழகிப்போன கை, இந்தக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதப்பார்த்தது, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். யூசுப் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான், பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தான். இனி வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்மேல் இதில் ஒரு துளி குற்றமும் கிடையாது. பத்து வயதுப் பிள்ளை சிரிக்க ஆசைப்பட்டான், அதில் தப்பு இல்லை. அந்த நாளை நீ கெடுத்துக்கொள்ள வேண்டாம், முடிந்தால் அப்படியே வைத்துக்கொள், யூசுப் மாமா அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள். ஆனால் உன் மகளுக்கு ஒரு நல்ல நாளைக் கொடுக்கும்போது, அதை யாருடைய இழுப்பறையிலிருந்தும் எடுத்துக் கொடுக்காதே. அடுத்த தடவை ஒரு பாலத்தின் கணக்கு உன் மேசைக்கு வந்து, போட்டவன் உனக்குப் பிடித்த ஆளாக, தப்பே செய்யாத ஆளாக, துக்கத்தில் இருக்கிற ஆளாக இருந்தால், முதல் வரியிலிருந்து போடு. வீட்டில் பிள்ளை காத்துக்கொண்டிருந்தால் காத்திருக்கட்டும். அழுதால் அழட்டும். நான் அன்றைக்கு உன்னை ஒரு நாள் அழ விட்டிருந்தால் போதும்.

குழந்தைக்குப் பெயரை நீயும் அவள் அம்மாவும் சேர்ந்து வையுங்கள். வானத்துப் பெயராக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, என்னைக் கேட்காதே. வைத்த பிறகு அம்மாவுக்கு ஒரு வரி எழுது, அவள் படித்துக் காட்டுவாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வாயாரக் கூப்பிடுகிறேன். எந்தப் பெயராக இருந்தாலும் இந்தக் கையால் எழுத மட்டும் மாட்டேன்.